மாமாவின் கழுத்து ஏன் விழுந்தது?

எங்கள் வீட்டில் யாருக்காவது ஊசி போடவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டால், உம்மம்மா கேட்கும் முதற் கேள்வி "என்ன ஊசி?" என்பதுதான். குளிசை என்றால் ஒன்றும் சொல்லமாட்டார். பாணிமருந்து என்றாலும் பரவாயில்லை. ஊசி என்றால் மட்டும் முகம் மாறிவிடும். சிறு வயதில் அது எனக்கு வசதியாகவே இருந்தது. நான் ஊசிக்குப் பயந்து அழும்போதெல்லாம் உம்மம்மா என் பக்கம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பயத்தின் காரணத்தைக் கேட்டேன்.

"ஊசி போட்டுத்தானே ஒங்கட பெரிய மாமாட கழுத்து விழுந்த" என்றார்.

இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். எல்லோர் வாயிலும் பொதுவாக வருவதை மட்டும் இங்கே எழுதுகிறேன். அது 1993ஆம் ஆண்டு, பெரும்போகம். மாமாவுக்கு அப்போது 22 வயது. வயலில் அறக்கொட்டி விழுந்திருந்தது. காலையில் மருந்தடிக்கப் போனவர், அஸர் நேரம்வரை அடித்திருக்கிறார். முதுகில் கொழுவியிருந்த டாங்கி ஒழுகி, சேட்டெல்லாம் ஊறிவிட்டது. தெளிகருவியின் முனை அடைத்தபோது வாயில் வைத்து ஊதியும் இருக்கிறார். அந்த நாட்களில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்களாம். மஃரிபுக்கு வீட்டுக்கு வந்தபோது உடம்பெல்லாம் வியர்வை. கண்ணிலும் வாயிலும் நீர் நிற்கவில்லை. சத்தி எடுத்தார். தோலுக்குக் கீழே புழு நெளிவது போலத் தசைகள் துடித்தன.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இளம் டொக்டர் ஒருவர் சேட்டை மணந்து பார்த்தார். அதைக் கழற்றி எறியச் சொல்லி, உடம்பை சவர்க்காரம் போட்டுக் கழுவச் செய்தார். பிறகு ஊசி. ஒன்றல்ல, இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப ஊசி. விடியும்போது வியர்வையும் வாய்நீரும் வற்றிவிட்டன. மாமா ஏதேதோ பிதற்றினார், படுக்கைச் சீலையைப் பிய்த்தார். ஆனாலும் மறுநாள் தெளிந்து, தேத்தண்ணி குடித்தார், கதைத்தார். எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஸுபஹுக்குப் பிறகு மாமாவால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. தூக்கிவிட்டால் கழுத்து பின்னால் விழுந்தது. கண்ணிமை கீழே இறங்கியது. குரல் மூக்கால் வந்தது, தேத்தண்ணி தொண்டையில் இறங்கவில்லை. அந்தியாகும்போது மூச்சு சின்னதாகிவிட்டது. நல்லாக இருந்த பிள்ளை ஊசி போட்ட பிறகு விழுந்துவிட்டது என்றால் குடும்பம் வேறு என்ன நினைக்கும்? எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அந்த டொக்டரை வாட்டிலேயே வைத்து ஏசியிருக்கிறார். கட்டிலைச் சுற்றி நின்று யாசீன் ஓதத் தொடங்கிவிட்டார்கள்.

மாமா மௌத்தாகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, 11 நாள் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருந்து எழும்பி வந்தார். இன்றும் வயல் செய்கிறார். ஆனால் "ஊசியால் விழுந்த கழுத்து" என்ற தீர்ப்பு மட்டும் எங்கள் வீட்டில் மாறவேயில்லை. அந்தத் தீர்ப்பு பிழை என்பதை எங்கள் பாடப்புத்தகத்தில் நரம்புத்தொகுதி அலகில் வரும் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு காட்டிவிடலாம். அதைத்தான் இங்கே செய்யப் பார்க்கிறேன்.

அந்தப் படம் நரம்புத்தசைச் சந்தி. பரீட்சைக்காகப் பெயர் குறித்துப் பாடமாக்கிய படம்தான். நரம்பு தசைக்குள் ஓடி முடிகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நரம்பு தசையைத் தொடுவதேயில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 50 நனோமீற்றர் இடைவெளி இருக்கிறது. ஒரு மில்லிமீற்றரை 20,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. முண்ணாணிலிருந்து ஓடிவரும் கணத்தாக்கத்தால் இந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாது. அதனால் செய்தி இங்கே வண்டி மாறுகிறது. மின்னாக வந்தது இரசாயனமாக மாறுகிறது.

நரம்பு முனையில் அசற்றைல்கோலீன் நிறைந்த சிறு புடகங்கள் காத்திருக்கின்றன. கணத்தாக்கம் வந்ததும் கல்சியம் அயன்கள் உள்ளே புகுகின்றன. புடகங்கள் மென்சவ்வோடு சேர்ந்து வெடித்து, அசற்றைல்கோலீனை இடைவெளிக்குள் கொட்டுகின்றன. அக்கரையில் தசையின் மென்சவ்வில் வாங்கிகள் இருக்கின்றன. ஒரு வாங்கியில் இரண்டு அசற்றைல்கோலீன் மூலக்கூறுகள் பொருந்தினால் அதன் நடுவே ஒரு வழி திறக்கும். அந்த வழியால் சோடியம் அயன்கள் தசைக்குள் பாயும். தசையில் புதிய தாக்க அழுத்தம் பிறக்கும், தசை சுருங்கும். இவ்வளவும் நடக்க ஒரு சில ஆயிரத்திலொரு விநாடிகளே போதும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்துத்தான் நான் முதலில் குறிப்பெடுப்பதை நிறுத்தினேன். எங்கள் ஆசிரியை கேட்டார், "கூப்பிடுறது முக்கியமா, கூப்பிட்டு முடிஞ்சதும் வாயை மூடுறது முக்கியமா?" வகுப்பே சிரித்தது. ஆனால் மாமாவின் கதை முழுக்க அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கொட்டிய அசற்றைல்கோலீன் அப்படியே கிடந்தால் அடுத்த செய்திக்கு இடமில்லை. அதனால் அந்த இடைவெளியிலேயே அசற்றைல்கோலீன் எஸ்தரேஸ் என்ற நொதியம் காவலிருக்கிறது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை உடைத்துத் தள்ளக்கூடிய, மிக வேகமான நொதியங்களில் ஒன்று அது. வயற்பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளங்கச் சொல்வதானால், இது எங்கள் வட்டவிதானை போல. தண்ணீர் திறப்பதற்கு வாய்க்காலில் ஆளுண்டு. போதுமானது பாய்ந்ததும் அடைப்பதற்கும் ஆள் வேண்டும். வட்டவிதானையைக் கட்டிப்போட்டால் முதலில் வயல் வெள்ளக்காடாகும். அதன் பிறகு பயிர் அழுகும். இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதையும், ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, தசை பலமிழக்க மூளையில் கோளாறு வேண்டியதில்லை, தசையில் கோளாறு வேண்டியதில்லை. நடுவிலுள்ள அந்த 50 நனோமீற்றரில் ஏதாவது ஒன்று தவறினாலே போதும். எந்தெந்த இடத்தில் தவறலாம் என்பதை உலகுக்கு முதலில் காட்டித் தந்தவை நஞ்சுகள்தாம்.

தென்னமெரிக்காவின் அமேசன் காட்டு மக்கள் சில கொடிகளின் பட்டையைக் காய்ச்சி, கியூராரே என்ற கருநிறப் பசையை எடுப்பார்கள். அம்பு முனையில் அதைத் தடவி எய்தால் விலங்கு தளர்ந்து விழும். அந்த இறைச்சியைத் தின்பவருக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் குடல்வழியாக அது இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குளோட் பேர்னார்ட் என்ற பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் இதைத் தவளைக்குக் கொடுத்துப் பார்த்தார். நஞ்சூட்டிய தவளையின் நரம்பை மின்னால் தூண்டினால் கால் அசையவில்லை. அதே தசையை நேரடியாகத் தூண்டினால் நன்றாகச் சுருங்கியது. நரம்பும் செய்தியைக் கடத்தத்தான் செய்தது. நரம்பும் சரி, தசையும் சரி என்றால் பிழை எங்கே? இரண்டும் சந்திக்கும் இடத்தில். சந்தியின் நுண்படத்தை யாரும் காணாத காலத்தில், ஒரு தவளைக் காலை வைத்து அவர் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினார்.

கியூராரே அசற்றைல்கோலீனின் ஆசனத்தில் போய்க் குந்திக்கொள்கிறது, ஆனால் வழியைத் திறப்பதில்லை. பின்னாளில் மருத்துவர்கள் இதையே உதவிக்கு அழைத்தார்கள். 1942 ஜனவரி 23ஆம் திகதி கனடாவின் மொன்றியலில் ஹரல்ட் கிரிபித் என்ற மயக்கமருந்து மருத்துவர், குடல்வால் சத்திரசிகிச்சையொன்றின்போது தசைகளைத் தளர்த்த இதைப் பயன்படுத்தினார். இன்றைக்கும் பெரிய ஒப்பரேஷன்களில் இந்த வகை மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. அந்த நேரத்தில் நோயாளிக்காக இயந்திரம் மூச்சு விடும்.

அப்போது ஒரு சந்தேகம் இருந்தது. கியூராரே நினைவையும் மயக்குமா, அல்லது தசையை மட்டும்தான் கட்டுமா? ஸ்கொட் ஸ்மித் என்ற அமெரிக்க மருத்துவர் தன் உடம்பிலேயே அதைப் பரிசோதித்தார். மூச்சுத் தசையும் நின்றுபோகும் அளவுக்கு ஏற்றச் செய்து, மற்றவர்கள் அவருக்குக் காற்றுக் கொடுக்க, அசையாமல் கிடந்தார். தெளிந்த பிறகு அறையில் நடந்ததையெல்லாம் சொன்னார். வலி தெரிந்தது, சத்தம் கேட்டது, நினைவு ஒரு நொடியும் மங்கவில்லை. 1947இல் அந்த முடிவு வெளியானது.

இதை வாசித்த அன்று நான் மாமாவிடம் போனேன். "மாமா, அண்டைக்கு ஒங்களுக்கு எல்லாம் கேட்டதா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "யாசீன் முழுக்கக் கேட்ட மகள். மையித்துக்கு ஓதுற மாதிரி ஓதுறாங்க, நான் உள்ளுக்குள்ள இருக்கன் எண்டு சொல்ல ஏலாம கிடந்தன்" என்றார். கண்ணைத் திறக்க முடியவில்லை, வாய் எடுபடவில்லை. விரல்களை மட்டும் அசைக்க முடிந்ததாம். உம்மாவுக்கு அப்போது 13 வயது. அவர்தான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். "காக்கா கையை அமத்துறாங்க" என்று பெரியவர்களிடம் சொல்லியிருக்கிறார். சின்னப் பிள்ளை பயத்தில் சொல்கிறது என்று விட்டுவிட்டார்கள். அந்த விரல்களுக்கு மீண்டும் வருவேன்.

மாமாவின் சேட்டை நனைத்த மருந்து சேதன பொசுபரசுச் சேர்வை என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இதற்கும் கியூராரேக்கும் வழி வேறு. இது வாங்கியைத் தொடுவதில்லை. வட்டவிதானையைத்தான் கட்டுகிறது. நொதியத்தின் வேலைசெய்யும் பகுதியில் பொசுபரசுக் கூட்டம் ஒட்டிக்கொள்ளும். சாதாரணமாக அசற்றைல்கோலீன் வந்து ஒட்டினால் கணத்தில் கழன்றுவிடும். இது கழலாது. நாளாக ஆக இன்னும் இறுகிப்போகும். உடம்பு புதிய நொதியத்தை ஆக்கித்தான் அந்த நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும். அதற்கு நாட்களும் கிழமைகளும் பிடிக்கும். பூச்சியின் நரம்பிலும் நம் நரம்பிலும் ஒரே நொதியம் இருப்பதுதான் இதில் உள்ள விபரீதம். அறக்கொட்டிக்கு அடித்தது மாமாவையும் பிடித்தது. 1936இல் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் பூச்சிகொல்லி தேடிக்கொண்டிருந்தபோதே, போரில் பயன்படும் நரம்பு நச்சுவாயுக்களில் முதலாவதான தபுனைக் கண்டுபிடித்தார். இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

வட்டவிதானை இல்லை என்றதும் வெள்ளம். அசற்றைல்கோலீன் தசையில் மட்டும் வேலை செய்வதில்லை. வியர்வைச் சுரப்பியிலும், உமிழ்நீர்ச் சுரப்பி, கண்மணி, இதயம், சுவாசக்குழாய், குடல் என்று பரபரிவு நரம்புகள் போகும் இடங்களிலும் அதுவே தூது. அங்கே அதை ஏற்கும் வாங்கிகளுக்கு மஸ்கரினிக் என்று பெயர். தசையில் இருப்பவை நிக்கொட்டினிக். ஒரு வகையைத் தூண்டுவது காளானிலிருந்து எடுத்த மஸ்கரின், மற்றதைத் தூண்டுவது புகையிலையின் நிக்கொட்டின், அதனால் வந்த பெயர்கள். ஒரே சாவி, இரண்டு விதப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாமாவுக்கு இரண்டு பூட்டும் திறந்துவிட்டன. கண்ணீர், வாய்நீர், வியர்வை, சத்தி எல்லாம் மஸ்கரினிக் பக்கத்தில். தோலுக்கடியில் நெளிந்த புழு, நிக்கொட்டினிக் பக்கத்தில்.

அந்த இரவு டொக்டர் போட்ட ஊசி அத்திரோப்பீன். அது மஸ்கரினிக் பூட்டுகளை மட்டும் மெழுகு வைத்து அடைக்கும். சுவாசக்குழாயில் சளி நிறைந்து ஆள் மூச்சுமுட்டிப் போகாமல், இதயத்துடிப்பு விழுந்துவிடாமல் காப்பாற்றும். நஞ்சு நிறைய இருந்ததால் ஊசியும் நிறைய வேண்டியிருந்தது. வாய் காய்ந்ததும், பிதற்றியதும், சீலையைப் பிய்த்ததும் அத்திரோப்பீனின் வேலைதான். அதில் உம்மம்மா கண்டது சரி. ஆனால் அத்திரோப்பீன் தசையிலுள்ள நிக்கொட்டினிக் வாங்கியை ஒன்றும் செய்யாது. அங்கே நடந்துகொண்டிருந்ததைக் கெடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. வாட்டில் எல்லோரும் மாமா தெளிந்துவிட்டார் என்று மகிழ்ந்த அந்த இரண்டாம் நாள், தசைகளின் சந்திகளில் வெள்ளம் வடியாமலேயே நின்றது.

வெள்ளம் ஏன் தசையைப் பலவீனமாக்குகிறது என்பதுதான் எனக்கு முதலில் விளங்காத இடம். அசற்றைல்கோலீன் கூடினால் தசை கூடுதலாகத்தானே இழுக்க வேண்டும்? முதலில் அப்படித்தான் இழுக்கிறது, துடிக்கிறது. ஆனால் ஒரு தசை நார் திரும்பச் சுருங்க வேண்டுமானால், அதன் மென்சவ்வு முதலில் ஓய்வு நிலைக்குத் திரும்ப வேண்டும். சோடியம் வழிகள் ஒருமுறை மூடி, மறுபடி திறக்கத் தயாராக வேண்டும். அசற்றைல்கோலீன் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் ஓய்வு கிடையாது. சோடியம் வழிகள் முடங்கிவிடும். வாங்கிகளும் தட்டுதலுக்குப் பழகி, எத்தனை தட்டினாலும் திறக்காமல் விடும். இந்தக் கட்டத்தில் கணத்தாக்கம் வரும், புடகம் வெடிக்கும், ஆனால் தசை அசையாது. கியூராரே கொடுத்தவர் ஆசனம் கிடைக்காததால் விழுகிறார். மாமா ஆசனம் முழுக்க நிறைந்துவிட்டதால் விழுந்தார். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே தளர்ச்சிதான்.

மூன்றாம் நாள் கழுத்து விழுவதற்கு ஒரு பெயர் உண்டு என்பதை, பேராதனையில் மருத்துவம் படிக்கும் எங்கள் கல்லூரிப் பழைய மாணவி ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். இடைநிலைத் தொகுப்பறிகுறி. இதை உலகுக்கு விவரித்தவர்கள் நம் நாட்டு மருத்துவர்கள்! பேராதனை மருத்துவ பீடத்தின் நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் 1987இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் எழுதிய கட்டுரையின் பிரதியை அவர் எனக்கு அனுப்பினார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். பத்துப் பேருடைய கதை அது. பூச்சிகொல்லி நஞ்சின் முதற்கட்டம் கடந்து, 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள் அவர்களுக்குப் புதிதாகத் தளர்ச்சி வந்திருக்கிறது. தலையை முன்னால் தூக்கும் கழுத்துத் தசைகள், கண்ணையும் முகத்தையும் தொண்டையையும் இயக்கும் தசைகள், தோளும் தொடையும் போல உடலுக்குக் கிட்ட உள்ள தசைகள், மூச்சுத் தசைகள். நால்வருக்கு உடனடியாகச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. தளர்ச்சி 18 நாட்கள் வரை நீடித்திருக்கிறது. முதற்கட்டத்துக்கும், கிழமைகள் கழிந்து வரும் நரம்புச் சிதைவுக்கும் இடையில் வருவதால் இடைநிலை என்று பெயரிட்டார்கள்.

உடலுக்குக் கிட்டவுள்ள தசைகள் என்ற இடத்தை மூன்று தடவை வாசித்தேன். விரல்கள் தூரத்தில் உள்ளவை. அவை பெரும்பாலும் தப்பிவிடும். 13 வயதில் உம்மாவின் உள்ளங்கையில் பட்டது பயமல்ல, காக்காவின் விரல்தான். பிரதியை உம்மாவிடம் கொடுத்து அந்த வரியைத் தமிழில் சொன்னேன். "நான் சொன்ன, ஒருத்தரும் நம்பல்ல" என்றபடி தேங்காய் துருவப் போய்விட்டார்.

இந்த வகை நோயாளியிடம் மருத்துவர்கள் காலையும் மாலையும் "தலையணையில் இருந்து தலையைத் தூக்குங்க" என்று கேட்பது ஏன் என்பதும் இப்போது விளங்கும். பிரிமென்றகடு தளர்வதற்கு முன்னால் கழுத்து சொல்லிவிடும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத சோதனை. கழுத்து விழுந்தால் இயந்திரத்தைத் தயார்செய்ய வேண்டும், அவ்வளவுதான். இயந்திரம் நஞ்சை எடுப்பதில்லை. சந்திகள் தம்மைத் தாமே சரிசெய்து கொள்ளும்வரை நோயாளிக்குப் பதிலாக மூச்சு விடுகிறது. எங்கள் பக்கத்தில் நிலத்தில் படுப்பவர்களை இரவில் கடிக்கும் கட்டுவிரியனின் நஞ்சும் இதே சந்தியைத்தான் தாக்குகிறது. ஆனால் அது நரம்பு முனையின் பக்கத்தைச் சிதைக்கிறது. அங்கேயும் முதலில் கண்ணிமை விழும், அங்கேயும் மூச்சு இயந்திரமே உயிர் காக்கும்.

அதே நிமல் சேனாநாயக்க, ஜெயரத்னத்துடன் சேர்ந்து 1981இல் லான்செட் சஞ்சிகையில் எழுதிய இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அது நம் வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. 1977–78இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 20 பேரளவில் இளம் பெண்பிள்ளைகளுக்குக் காலும் கையும் தளர்ந்தன. எல்லோரும் அண்மையில் பெரிய பிள்ளையானவர்கள். அந்த நாட்களில் பெண்பிள்ளைக்கு நல்லெண்ணெய் கொடுப்பது வழக்கம். எங்கள் வீட்டிலும் உம்மம்மா முட்டையோடு கலந்து தந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். அந்தப் பிள்ளைகள் குடித்த எண்ணெயில் டிரைகிரெசில் பொசுபேற்று என்ற சேர்வை கலந்திருந்தது. முன்னர் கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றியதால் கலந்திருக்கலாம் என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். இதுவும் சேதன பொசுபரசுக் குடும்பம்தான். ஆனால் சந்தியை விட்டுவிட்டு நரம்பிழையையே தாக்குகிறது. உடலில் மிக நீளமான நரம்பு காலுக்குப் போவது. அதன் நுனியிலிருந்து சிதைவு தொடங்கும். அதுவும் உடனே அல்ல, இரண்டு மூன்று கிழமை கழித்து. 1930இல் அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த இஞ்சிச்சாறு வடிநீரைக் குடித்துப் பல்லாயிரம் பேர் காலிழுத்து நடக்கும் நிலைக்கு ஆளானார்கள். மாமாவின் தளர்ச்சி மேலே தொடங்கி நாட்களில் மீண்டது. இந்தப் பிள்ளைகளின் தளர்ச்சி கீழே தொடங்கியது, மாதக்கணக்கில் நீளும் வகை. பலம் குறைவது எந்தத் தசையில், எத்தனையாம் நாளில் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்தாலே பிழை எந்த இடத்தில் என்று பாதி தெரிந்துவிடுகிறது. பரீட்சை வினாத்தாளில் இப்படி ஒரு கட்டமைப்பு வினா வந்தால் நன்றாக இருக்கும்!

எங்கள் ஊரில் வயலுக்கு அடிப்பதும் மருந்து, ஆஸ்பத்திரியில் தருவதும் மருந்து. இந்தச் சொல்லைப் பிழை என்று நான் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. 1934இல் மேரி வோக்கர் என்ற பிரித்தானியப் பெண் மருத்துவர், கண்ணிமையும் கழுத்தும் தளரும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய், கியூராரே ஏறியவரின் நிலை போலவே இருப்பதைக் கண்டார். கியூராரேக்கு மாற்றான பைசொஸ்டிக்மினை நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார். சில மணித்தியாலங்களுக்குக் கண்ணிமை எழும்பியது. பைசொஸ்டிக்மின் செய்வது என்ன? அதே நொதியத்தைக் கட்டுவதுதான், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். வாங்கிகள் குறைந்துபோன அந்த நோயாளிக்கு வட்டவிதானை சற்று அசந்திருந்தால்தான் தண்ணீர் போதுமாகிறது. அந்த வழியில் வந்த நியொஸ்டிக்மின், ஒப்பரேஷன் முடிந்து கியூராரே வகை மருந்தைத் தெளியவைக்கவும் உதவுகிறது. மாமாவை விழுத்திய வேலையையே அளவோடு செய்து இன்னொருவரை எழுப்புகிறார்கள்.

மாமாவின் விபத்துக்கு இரண்டு வருடம் கழித்து, 1995இல், மெத்தமிடொபொஸ், மொனோகுரோட்டொபொஸ் என்ற மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. டைமெதொயேற், பெந்தியோன் போன்றவற்றுக்குப் பின்னாளில் தடை வந்தது. வயலில் தவறுதலாகப் பட்டதை விட, ஒரு கணத்து மனமுடைவில் பறிபோன உயிர்களே அந்தக் காலத்தில் அதிகம். உலகிலேயே அந்த வீதம் மிக உயர்ந்திருந்த நாடுகளில் நமதும் ஒன்று. தடைகளுக்குப் பிறகு வந்த இருபது வருடங்களில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. விளைச்சல் இதனால் விழுந்துவிடவில்லை. மாமா இப்போது கையுறையும் முகமூடியும் போட்டுத்தான் மருந்தடிக்கிறார். போத்தல்களை வாடியில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை மாமியிடம் கொடுத்துவிடுகிறார்.

போன வெள்ளிக்கிழமை இதையெல்லாம் உம்மம்மாவுக்குச் சொன்னேன். சந்தியின் படத்தைப் பெரிதாக வரைந்து, வட்டவிதானையையும் வைத்துச் சொன்னேன். அவர் தஸ்பீஹை உருட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த ஊசி போடாட்டி?"

"மூணாம் நாள் வரைக்கும் இருந்திருக்க மாட்டாங்க உம்மம்மா. மொத ராவே சளி நெறஞ்சி மூச்சு முட்டியிருக்கும்."

தஸ்பீஹ் நின்றது. பிறகு, இத்தனை வருடம் அந்தக் கதையில் யாருமே சொல்லாத ஒன்றை அவர் சொன்னார். மூன்றாம் நாள் இரவு அந்த ஆஸ்பத்திரியில் இயந்திரம் இருக்கவில்லை. அது பிரச்சினைக் காலம், இருட்டிய பிறகு பாதையால் போக முடியாது. டொக்டர் மாமாவின் தொண்டைக்குள் குழாயை வைத்து, காற்றுப் பையைக் கையாலேயே அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். கை ஓயும்போது மிஸ்ஸி ஒருவர் மாறிக்கொண்டாராம். விடிந்து அம்புலன்ஸ் புறப்பட்டபோதும் பையோடு அவரும் ஏறிப் போயிருக்கிறார்.

"ஒங்கட உம்மா வயசுக்கு நாலஞ்சி கூட இருக்கிற புள்ள மாதிரித்தான் முகம்" என்றார் உம்மம்மா. "ராவு முழுக்க அமுக்கின. நான் ஒரு தேத்தண்ணி கூடக் குடுக்கல்ல மகள்."